பிள்ளைக்கு நாட்பட்ட வலி, உங்களுக்குக் காலை ஷிப்ட்: வேலையைக் காப்பாற்ற 10 வழிகள்

திருகோணமலையில் நல்ல வேலை சும்மா கிடைப்பதில்லை. துறைமுக அதிகார சபை, சீனக்குடாவின் மா ஆலை, சீமெந்துத் தொழிற்சாலை, எண்ணெய்த் தாங்கிகள், உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்கள், மாகாண சபைக் கந்தோர்கள். களம் இவ்வளவுதான். ஒவ்வொரு கதிரைக்கும் பின்னால் ஆள் காத்திருக்கிறது. இந்த நிலையில் வீட்டில் ஒரு பிள்ளைக்கு மூட்டு நோ, தலையிடி, வயிற்று நோ என்று மாதக்கணக்கில் இழுத்தால் பெற்றோர் வழக்கமாக இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒருவருக்கும் சொல்லாமல் சமாளித்து, லீவெல்லாம் தீர்ந்து, பெயரும் கெட்டு நிற்கிறார்கள். அல்லது வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துவிடுகிறார்கள். இரண்டுமே பிழையான முடிவு.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற அல்லது திரும்பத் திரும்ப வருகிற வலியைத்தான் மருத்துவம் நாட்பட்ட வலி என்கிறது. சில பிள்ளைகளுக்கு அது வருடக்கணக்கில் போகும். இரண்டு கிழமை லீவு போட்டு முடித்துவிடுகிற காரியம் இல்லை. அத்தனை காலத்துக்கும் உங்கள் சம்பளமும் தாக்குப்பிடிக்க வேண்டும், நல்ல பெயரும் தாக்குப்பிடிக்க வேண்டும். அதற்கான வேலைத்திட்டம் இது.

1. முதலில் நோயின் பெயரைக் கையில் எடுங்கள்

‘பிள்ளைக்குச் சுகமில்லை’ என்று எத்தனை தடவை லீவு கேட்பீர்கள்? மூன்றாம் முறை சுப்பவைசர் நம்பமாட்டார். எழுத்தில் ஒரு நோய்ப்பெயர் இருந்தால் பேச்சே மாறிவிடும். பதினாறு வயதுக்குள், ஆறு கிழமைக்கு மேல், மூட்டு வீங்கி, காலையில் விறைத்து நின்றால் சிறுவர் மூட்டுவாதமா என்று வைத்தியர் பார்ப்பார். ஒற்றைத் தலைவலிக்கு வேறு வழி. எல்லாப் பரிசோதனையும் சரியாக வந்தும் வயிறு நோகிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ரிப்போர்ட் நோர்மல் என்பதால் பிள்ளை நடிக்கிறது என்று முடிவெடுக்காதீர்கள். ஸ்கானில் தெரியாத வலியும் வலிதான்.

காய்ச்சல், நிறை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, வீங்கிய மூட்டு, திடீர் நொண்டல், கை கால் பலவீனம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கு லீவுக் கணக்கும் பார்க்கக் கூடாது.

2. ஒரே ஃபைல், ஒரே இடம்

கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், இரத்தப் பரிசோதனை, மருந்துத் துண்டு எல்லாவற்றையும் திகதி வரிசையில் ஒரு ஃபைலில் போடுங்கள். ஒவ்வொரு தாளையும் போனில் படம் எடுத்து வையுங்கள். முன்பக்கத்தில் நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு, ஒவ்வாமை, பிள்ளையின் நிறை ஆகிய ஐந்தும் ஒரு தாளில் இருக்கட்டும். இரவில் அவசரமாக ஓட்டோ பிடித்து ஓடும்போது அந்த ஒரு தாள்தான் பேசும்.

பின்பக்கத்தில் ஒரு பதிவு. நாள், வலி பத்துக்கு எத்தனை, எத்தனை மணிநேரம் தூங்கியது, பாடசாலைக்குப் போனதா, என்ன செய்ய முடிந்தது. ஒரு நாளுக்கு ஒரு வரி போதும். இது வைத்தியருக்கும் உதவும், எச்.ஆர். மேசைக்கும் உதவும். டயக்னோசிஸ் கார்ட் ஆங்கிலத்தில்தான் வரும். அதை அப்படியே பிரதி எடுத்து லீவுக் கடிதத்தோடு இணைத்தால் மொழிபெயர்ப்புச் சிக்கலும் இல்லை.

3. உங்கள் லீவுக் கணக்கை நீங்களே தெரிந்து வைத்திருங்கள்

பக்கத்து மேசைக்காரர் சொன்னதை நம்பாதீர்கள். கடை, காரியாலய ஊழியர் சட்டம் (1954) உங்களுக்குப் பொருந்தினால் முதல் வருடம் கழிந்த பின் ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் கேசுவல் லீவு. சொந்த அலுவல், சுகயீனம், வேறு நியாயமான காரணம் எதற்கும் கேசுவல் எடுக்கலாம். பிள்ளையின் கிளினிக் நியாயமான காரணம்தான். முதல் வருடத்தில் இரண்டு மாத வேலைக்கு ஒரு நாள் வீதம் கேசுவல் சேரும். அரசாங்க உத்தியோகத்தரென்றால் 21 நாள் கேசுவல், 24 நாள் ஓய்வு லீவு. ஆலைத் தொழிலாளர் பலர் சம்பளச் சபைகளின் கீழ் வருகிறார்கள். அங்கே கணக்கு வேறு. அப்பொயின்ட்மென்ட் லெட்டரை எடுத்து ஒரு தடவை ஒழுங்காக வாசியுங்கள்.

அடுத்து ஒரு கலண்டர் எடுத்து வருடத்தின் கிளினிக் நாட்களைக் குறியுங்கள். 12 கிளினிக் என்றால் தாயும் தகப்பனும் ஆளுக்கு ஆறு. மிச்ச லீவில் பாதியைத் தொடாமல் வையுங்கள். வலி திகதி பார்த்து வராது. யூலையில் லீவு முழுவதையும் தீர்த்துவிட்டவர் டிசம்பரில் ‘நோ பே’யில்தான் நிற்பார்.

4. சொல்லுங்கள், ஆனால் அளந்து சொல்லுங்கள்

அழுகை, நீளமான கதை, ‘என் தலைவிதி’ எதுவும் வேண்டாம். மேலாளருக்குத் தேவை மூன்று விஷயம்தான்: என்ன பிரச்சினை, எப்போது வரமாட்டீர்கள், உங்கள் வேலையை யார் பார்ப்பார். இந்த மூன்றும் ஒரே மெசேஜில் இருக்கட்டும். உதாரணமாக:

“சேர், மகளுக்குச் சிறுவர் மூட்டுவாதம். பெரியாஸ்பத்திரியில் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கிளினிக். கார்ட் கொப்பி எச்.ஆரிடம் கொடுத்துவிட்டேன். அந்த நாளில் மட்டும் காலை ஷிப்டை விட்டுப் பின்னேர ஷிப்ட் தந்தால் போதும். லைனில் நிற்கிற தம்பி மாறிக்கொள்ளச் சம்மதம். அவருடைய ஞாயிறு டியூட்டியை நான் பார்க்கிறேன்.”

இதில் கெஞ்சல் இல்லை. நோய் இருக்கிறது, சான்று இருக்கிறது, தீர்வும் இருக்கிறது. சுப்பவைசர் ‘ஓம்’ என்று சொன்னால் போதும் என்கிற அளவுக்கு நீங்களே வேலையை முடித்துக் கொடுத்துவிட்டீர்கள். பெரும்பாலான மேலாளர்கள் இரக்கம் குறைந்தவர்கள் இல்லை, தலையிடிக்குப் பயந்தவர்கள். உங்கள் பிரச்சினை அவர்களுடைய தலையிடி ஆகாமல் பாருங்கள்.

எல்லோருக்கும் எல்லாம் சொல்லத் தேவையில்லை. மேலாளருக்கும் எச்.ஆருக்கும் சொன்னால் சரி. கன்டீன் மேசையில் பிள்ளையின் நோயைப் பேசினால் அடுத்த புரமோஷன் வரும்போது ‘அவருக்கு வீட்டில் பிரச்சினை, பாவம், விடுங்கள்’ என்று யாராவது உங்களுக்காக இரக்கப்படுவார்கள். அந்த இரக்கம் உங்களுக்கு நட்டம்.

5. அறிவிக்காமல் நிற்காதீர்கள்

வரமுடியாத நாளில் ஷிப்ட் தொடங்குமுன் ஒரு போன், பிறகு ஒரு மெசேஜ். மெசேஜ் ஆதாரமாக இருக்கும். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற தனியார் நிறுவனத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்தவரை ஒழுக்காற்றுக் காரணமின்றி நிறுத்துவதானால் அவருடைய எழுத்துச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். 1971ஆம் ஆண்டுச் சட்டம் கொடுக்கிற பாதுகாப்பு இது. ஆனால் நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றால் அதே நிறுவனம் ‘வெகேஷன் ஒஃப் போஸ்ட்’, அதாவது நீங்களே வேலையைக் கைவிட்டீர்கள் என்று கடிதம் அனுப்பும். ஒரு போன் எடுக்கச் சோம்பல்பட்டுச் சட்டம் தந்த பாதுகாப்பை இழக்காதீர்கள்.

மேன்பவர் கம்பனி ஊடாக நாட்சம்பளத்துக்கு நிற்கிறீர்களா? நிலைமை கடினம்தான். ஆனாலும் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) முதல் நாளிலிருந்தே உங்கள் உரிமை: உங்கள் பக்கம் 8 வீதம், வேலை கொள்வோர் பக்கம் 12 வீதம். கட்டுகிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் தொழில் திணைக்களத்தின் கந்தோருக்குப் போங்கள்.

6. ஷிப்ட் மாற்றம் ஒரு கொடுக்கல் வாங்கல்

தானியக் கப்பலோ கிளிங்கர் கப்பலோ துறைமுகத்துக்கு வந்திருக்கிற நாளில் ஆளில்லாமல் தவிப்பார்கள். நிலாவெளிப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை சீசன். அந்த மாதங்களில் ஹோட்டலில் லீவு கேட்டால் முகம் சுளிப்பார்கள். இந்த நெருக்கடி நாட்களில் நீங்கள் கேட்காமலே முன்வந்து நில்லுங்கள். ஓ.டி. காசும் வரும், கணக்கில் நன்றியும் ஏறும். வாடைக் காற்று தொடங்கி ஹோட்டல் அறைகள் காலியாகக் கிடக்கிற மாதங்களில் பிள்ளையின் சிகிச்சைக்கான கொழும்புப் பயணத்தை வையுங்கள். வைத்தியரிடம் திகதி கேட்கும்போதே இதைச் சொல்லலாம். அவசரமில்லாத மீள்பரிசோதனையை ஒரு கிழமை முன்பின் தள்ளிக் கொடுக்கப் பலர் தயங்கமாட்டார்கள்.

சக ஊழியரிடம் ஒரு டியூட்டி வாங்கினால் அந்த மாதத்துக்குள் திருப்பிக் கொடுங்கள். அவருடைய தங்கச்சி கல்யாணத்துக்கும், நோன்புப் பெருநாளுக்கும், வெசாக்குக்கும் நீங்கள் நில்லுங்கள். மூன்று மொழியும் நாலு சமயமும் கலந்த ஊர் இது. ஒருவருடைய பெருநாள் மற்றவருக்கு வேலைநாள். ஷிப்ட் மாற்றுவதற்கு இதைவிட வசதியான ஊர் இலங்கையில் குறைவு. பயன்படுத்துங்கள்.

7. கிளினிக்கை மீட்டிங் போல நடத்துங்கள்

விடியவே போய் நம்பர் எடுத்து, வாங்கில் மணிக்கணக்காகக் காத்திருந்து, கடைசியில் வைத்தியரோடு கிடைப்பது சில நிமிடம். அதைப் ‘போன மாதம் நல்லா நொந்தது டொக்டர்’ என்பதில் செலவழிக்காதீர்கள். பதிவுத் தாளை நீட்டுங்கள். மூன்று கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள். இந்த மருந்தால் என்ன மாற்றத்தை, எத்தனை கிழமையில் எதிர்பார்க்கலாம்? பிள்ளை எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது? எந்த அறிகுறி வந்தால் உடனே வரவேண்டும்?

மூட்டுவாதத்துக்கு மெதோட்ரெக்ஸேட் எழுதினால் ஒரு விஷயத்தில் கவனம்: அது கிழமைக்கு ஒரு தடவை மருந்து. தவறி நாளாந்தம் கொடுத்தால் ஆபத்து. கிழமை நாளைக் கலண்டரில் சிவப்பால் குறியுங்கள். இரவு டியூட்டிக்குப் போகுமுன் யார் கொடுப்பது என்று பேசி வையுங்கள். இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். கண் பரிசோதனையும் கேளுங்கள். இந்த நோயில் கண் சிவக்காமலே உள்ளே அழற்சி வரலாம்.

உலக சுகாதார அமைப்பு 2020இல் பிள்ளைகளின் நாட்பட்ட வலிக்கென்று வழிகாட்டி வெளியிட்டது. உடற்பயிற்சி, உளவியல் சிகிச்சை, மருந்து ஆகிய மூன்றையும் அது பேசுகிறது. ஆகவே ‘பிசியோவுக்கு அனுப்ப முடியுமா, உளவள ஆலோசனை கிடைக்குமா’ என்று நீங்களே கேளுங்கள். உளவியல் என்றதும் ‘என் பிள்ளைக்கு மண்டைப் பிழையா’ என்று கோபப்படாதீர்கள். வலியோடு வாழப் பழக்குவது ஒரு பயிற்சி. அதைக் கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

பொரளைச் சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்பினால் பயணம் சுமார் 260 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் ஆறேழு மணிநேரம் மடங்கி இருந்து வந்த முழங்கால் அடுத்த நாள் நிச்சயம் நோகும். பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் இறக்கி நடக்க வையுங்கள். கொழும்பில் சொல்லும் சிகிச்சையை ஊர் ஆஸ்பத்திரியிலேயே தொடர முடியுமா என்று கேட்டுக் கடிதம் வாங்கி வாருங்கள். அந்த ஒரு கடிதம் உங்களுக்குப் பல நாள் லீவை மிச்சப்படுத்தும்.

8. வீட்டில்: வலியை விசாரிக்காதீர்கள், வேலையை விசாரியுங்கள்

காலை ஐந்து மணி. பிள்ளை கட்டில் விளிம்பில் இருக்கிறது. முழங்கால் மடங்கவில்லை. விரல்கள் சட்டைப் பொத்தானைப் பிடிக்கவில்லை. உங்களுக்கு ஆறு மணி ஷிப்ட், கம்பனி பஸ் ஐந்தரைக்கு. இந்த அரை மணிநேரத்தில் பொறுமை போவதும் கத்துவதும் சகஜம். ஆகவே இந்த அரை மணிநேரத்தை முதல் நாள் இரவே ஒழுங்கு செய்யுங்கள். பிளாஸ்கில் சுடுநீர், பொத்தானுக்குப் பதில் ஒட்டுகிற பட்டி, நாடா இல்லாத சப்பாத்து, எழும்ப அரை மணிநேரம் முன் ஒரு அலாரம். இளஞ்சூட்டு நீரில் கை கால் நனைத்து மெதுவாக ஆட்டினால் விறைப்பு இளகும்.

‘நோகுதா? இப்ப எப்படி?’ என்று மணிக்கு ஒரு தடவை கேட்காதீர்கள். கேட்கக் கேட்கப் பிள்ளையின் கவனம் முழுவதும் வலியிலேயே நிற்கும். ‘இண்டைக்கு எந்தப் பாடம் முடிச்சாய்?’ என்று கேளுங்கள். வலி குறைந்த நாளில் முழுநாளும் ஓடி விளையாடி, மறுநாள் படுத்த படுக்கையாகக் கிடப்பது பிள்ளைகளின் வழக்கம். நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஏறத்தாழ ஒரே அளவு நடை, ஒரே அளவு படிப்பு, ஒரே நேரத் தூக்கம். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

9. பாடசாலையை முழுதாக நிறுத்தாதீர்கள்

ஒரு மாதம் வீட்டில் நின்ற பிள்ளைக்குத் திரும்பிப் போவது வலியைவிடக் கடினம். முழுநாள் முடியாவிட்டால் இடைவேளை வரை போகட்டும். அதிபருக்கு ஒரு பக்கக் கடிதமும் கார்ட் பிரதியும் கொடுங்கள். கேட்பது குறிப்பாக இருக்கட்டும்: கீழ்த்தளத்தில் வகுப்பு, காலைக் கூட்டத்தில் இருக்க ஒரு கதிரை, பாடத்துக்கு இடையில் எழுந்து நடக்க அனுமதி, பாரமான புத்தகங்களை வகுப்பிலேயே வைக்க ஓரிடம். வகுப்பு வட்ஸ்அப் குழுவில் பாடக் குறிப்பு கேளுங்கள். பொதுப் பரீட்சைக்கு விசேட ஏற்பாடு தேவையென்றால் அதிபர் ஊடாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கடைசி மாதத்தில் ஓடினால் கிடைக்காது.

10. காசையும் கேரியரையும் ஒன்றாகப் பாருங்கள்

அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். செலவு பயணத்திலும், சனல் பண்ணுவதிலும், வெளியே வாங்கும் மருந்திலும் போகிறது. ஒரே வலிக்கு மாறி மாறி நாலு வைத்தியரைச் சனல் பண்ணாதீர்கள். ஒரு வைத்தியர், ஒரு ஃபைல். கம்பனியில் மருத்துவக் காப்புறுதி உண்டா, அதில் பிள்ளை சேர்ந்திருக்கிறதா என்று எச்.ஆரிடம் கேளுங்கள். பாடசாலையில் மாணவருக்கான சுரக்ஷா காப்புறுதி பற்றிக் கேளுங்கள். ஈ.பி.எஃப்.பில் 10 வருடப் பங்களிப்பும் குறைந்தது 3 இலட்சம் ரூபா மீதியும் இருந்தால் வீட்டுக்கோ குறிப்பிட்ட மருத்துவத் தேவைகளுக்கோ 30 வீதம் எடுக்க வழியுண்டு. உங்கள் பிள்ளையின் நோய் பட்டியலில் வருகிறதா என்று முதலில் கேட்டு உறுதிசெய்யுங்கள். வட்டிக்காரரிடம் போவது கடைசி வழியாகக்கூட இருக்கக் கூடாது. ‘மூன்று மாதத்தில் அடியோடு குணம்’ என்று சொல்பவர் எவரிடமும் முற்பணம் கட்டாதீர்கள். கன்னியாவின் சுடுநீர்க் கிணற்றில் குளித்தால் உடம்புக்கு இதம்தான், போய்வாருங்கள். ஆனால் மருந்தை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

தாயா தகப்பனா, யாராவது ஒருவர் வேலையை விட வேண்டும் என்ற பேச்சு எப்படியும் வரும். பொதுவாகத் தாயின் தலையில்தான் விழும். ஒரு தாளில் கணக்குப் போடுங்கள்: இரண்டு சம்பளம், இரண்டு ஈ.பி.எஃப்., இரண்டு லீவுக் கணக்கு. ஒருவர் விலகினால் சம்பளத்தோடு பாதி லீவும் போகிறது. விலகுமுன் ஷிப்ட் மாற்றம், பகுதி மாற்றம், சில மாத நோ பே லீவு எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டுப் பாருங்கள்.

இந்தக் காலத்திலேயே உங்கள் சந்தை மதிப்பையும் கூட்டுங்கள். உடல் உழைப்பு மட்டும் தெரிந்தவருக்கு ஷிப்ட் மாற்றம் குறைவு. ஸ்டோர்ஸ், வெயிட் பிரிட்ஜ், எக்ஸெல், பில்லிங் தெரிந்தவருக்குப் பகல் வேலை கிடைக்கும். அனுபவம் இருந்தும் சான்றிதழ் இல்லையா? செய்த வேலையை மதிப்பிட்டே என்.வி.கியூ. (தேசிய தொழிற்றகைமை) தரச் சான்றிதழ் கொடுக்கும் முறை நாட்டில் உண்டு. மாதக்கணக்கில் வகுப்பில் இருக்கத் தேவையில்லை. ஆஸ்பத்திரி வாங்கில் காத்திருக்கிற மணிநேரத்தில் போனில் எக்ஸெல் படித்தவர், ஒன்றும் படிக்காமல் ஸ்குரோல் செய்தவரை இரண்டு வருடத்தில் தாண்டிவிடுவார்.

புதிய இன்டர்வியூவில் பிள்ளையின் நோயை நீங்களாகச் சொல்ல வேண்டிய கடமை இல்லை. கேட்டால் பொய் சொல்லாதீர்கள். ‘மாதம் ஒரு கிளினிக் இருக்கிறது, அதற்கு ஒழுங்கு செய்திருக்கிறேன், போன வருட அட்டென்டன்ஸ் இதோ’ என்று பதிவைக் காட்டுங்கள். கேரியரில் இடைவெளி இருந்தால் ஒரே வரி: ‘குடும்பத்தில் மருத்துவத் தேவை, இப்போது ஒழுங்காகிவிட்டது.’ அடுத்த வசனம் உங்கள் திறமையைப் பற்றி இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. பிள்ளையிடம் நாம் கேட்பது, வலி முழுதாகப் போகும் வரை காத்திராமல் முடிந்த அளவு பாடசாலைக்குப் போ என்பதுதான். அதே விதி உங்களுக்கும். வீட்டுப் பிரச்சினை தீரட்டும், பிறகு வேலையைக் கவனிக்கலாம் என்று இருந்தால் இரண்டும் கைவிட்டுப் போகும். நாளை காலை எச்.ஆர். கந்தோருக்குப் போய் உங்கள் மிச்ச லீவு எத்தனை என்று எழுத்தில் வாங்குங்கள். அடுத்த கிளினிக் திகதியை அதன் பக்கத்தில் எழுதுங்கள். வேலைத்திட்டம் அங்கிருந்து தொடங்குகிறது.